காத்திருப்பை ஒழுங்குபடுத்திய வரலாறு

ஒரு நிரலின் பகுதிகள் தத்தம் போக்கில் ஓடும்போது, எதன் விடை எதற்கு வேண்டும், எது முடிந்தபின் எது தொடங்க வேண்டும் என்று வகுப்பது கணினித் துறையின் பழைய சிக்கல். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பணியாற்றிய எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1960களில் உருவாக்கிய செமஃபோர் இதற்கு வந்த முதல் கருவிகளுள் ஒன்று. செமஃபோர் என்பது ஓர் எண். அது சுழியமாக இருக்கும்போது குறைக்க முயலும் செயல் அங்கேயே நிற்கும். வேறொரு செயல் அதைக் கூட்டிய பிறகுதான் நகரும். வரிசை இதனால் காப்பாற்றப்பட்டது. ஆனால் எந்த விடைக்காகக் காத்திருக்கிறோம் என்பதை அந்த எண் சொல்லாது.

இன்னும் வராத விடையையே ஒரு பொருளாகக் கையில் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அடுத்த பத்தாண்டில் பிறந்தது. 1976ல் டேனியல் ஃப்ரீட்மன், டேவிட் வைஸ் இருவரும் அதை ப்ராமிஸ் என்றார்கள். மறு ஆண்டில் ஹென்றி பேக்கரும் கார்ல் ஹியூவிட்டும் அதை ஃப்யூச்சர் என்றார்கள். 1988ல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் எம்.ஐ.டி.யில் இதைத் தொலைவிலுள்ள கணினிகளுக்குப் பொருத்தினார்கள். அழைத்தவுடன் ப்ராமிஸ் கைக்கு வந்துவிடும். விடையைப் பிறகு கேட்டுப் பெறலாம். அந்தப் பக்கம் பிழை நேர்ந்தால் அதுவும் அதே வழியில் வந்து சேரும். இந்தக் கடைசிப் பண்பின் அருமை பிற்காலத்தில்தான் பலருக்கும் புரிந்தது.

1995ல் வந்த ஜாவாஸ்கிரிப்டில் இந்த வசதி இல்லை. ஒரே இழையில் ஓடும் மொழி என்பதால், விடைக்காக நின்றால் பக்கமே உறைந்துபோகும். ஆகவே ‘விடை வந்ததும் இதைச் செய்’ என்று ஒரு கால்பேக்கைக் கொடுத்துவிட்டு நகர்வதே வழக்கமாயிற்று. பயனர் யார் என்று அறிந்தபின் அவருடைய ஆர்டர்கள், அதன்பின் ஒவ்வொன்றின் டெலிவரி நிலை என்று எழுதினால், கால்பேக்குக்குள் கால்பேக்காக வரிகள் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் பிழையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் பிழை சுவடின்றி மறையும், திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு விடைகள் சேர்ந்து வேண்டுமென்றால் எத்தனை வந்தன என்று கையால் எண்ணிக்கை வைக்க வேண்டும்.

2009ல் ரையன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ், இதே முறையைச் சர்வருக்கும் கொண்டுபோனது. அதன் தொடக்கப் பதிப்புகளில் ப்ராமிஸ் இருந்தது, 2010ல் நீக்கப்பட்டது. நோட்.ஜேஎஸின் கருவைச் சிறிதாக வைப்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த நீக்கத்துக்குக் கொடுத்த விலை பெரிது: ஒரு தலைமுறை நூலகங்கள் கால்பேக்கிலேயே எழுதப்பட்டன.

இதற்கு முன்பிருந்தே வேறொரு கிளை வளர்ந்துவந்தது. பைத்தானின் ட்விஸ்டட் நூலகத்திலிருந்த டெஃபர்டு என்ற ப்ராமிஸ் போன்ற பொருள், மோச்சிகிட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வழியாக டோஜோ நூலகத்துக்கு வந்தது. 2011ல் ஜேக்வெரி நூலகமும் தன் டெஃபர்டைச் சேர்த்தது. ஆனால் கையாளும் செயற்கூறுக்குள் எழும் பிழையை அது பிடிக்கவில்லை. நூலகத்துக்கு நூலகம் நடத்தை மாறியதால் 2012ல் ப்ராமிசஸ்/ஏ+ என்ற பொது விதி எழுதப்பட்டது. முடிவான ப்ராமிஸ் மீண்டும் மாறாது, பிழை சங்கிலி வழியே கீழிறங்கும், ‘தென்’ என்ற செயற்கூறு உள்ள எந்தப் பொருளோடும் கலந்து பழகலாம் என்பவை அதன் சாரம்.

2015ல் ப்ராமிஸ் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்திலேயே சேர்ந்தது. விடை வரும்வரை அந்த வரியில் காத்திருக்கச் சொல்லும், சி ஷார்ப் மொழியில் 2012ல் வந்த அவெய்ட் என்ற சொல் 2017ல் இங்கும் வந்து, வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும்படி ஆக்கியது. அதில் ஒரு பொறி உண்டு. ஒன்றையொன்று சாராத, தலா ஒரு நொடி எடுக்கும் மூன்று கோரிக்கைகளை அடுத்தடுத்து அவெய்ட் செய்தால் மூன்று நொடி ஆகும். சேர்த்து அனுப்பி ‘ப்ராமிஸ்.ஆல்’ மூலம் காத்திருந்தால் ஏறக்குறைய ஒரு நொடியில் முடியும். ஆனால் ஒன்று தோற்றாலும் ‘ஆல்’ முழுவதையும் தோல்வியாகவே அறிவிக்கும். எல்லாவற்றின் முடிவையும் தனித்தனியே தரும் ‘ஆல்செட்டில்டு’ 2020ல் தரத்தில் இடம்பெற்றது.