முடங்கிய கால்களும் மறைந்திருந்த காரணமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே விசுவமடு அமைந்துள்ளது. காடு வெட்டிக் கமஞ்செய்து வளர்ந்த ஊர் அது. இத்தகைய ஊர்களிலே கமக்காரனுக்கு நிலம் எவ்வளவு முதலோ, அவனுடைய கால்களும் அவ்வளவு முதலாகும். அக்கால்கள் அடிபடாமலும் காய்ச்சல் காணாமலும் மெல்ல மெல்ல விறைத்து முடங்குமாயின், குடும்பமே முடங்கிவிடும். இவ்வாறு மனிதரை முடக்கும் நோயொன்றின் காரணத்தை மருத்துவ உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது.

யமேக்காத் தீவிலே இத்தகைய நோயாளரைக் கண்ட குரூக்சாங் என்னும் மருத்துவர், 1956ஆம் ஆண்டில் அதனைக் காரணம் தெளியாத நரம்பு நோய் என்றே எழுதினார். 1964ஆம் ஆண்டில் அவரும் மொன்கோமரி முதலியோரும் 206 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். உணவுக் குறையோ, மரவள்ளிக் கிழங்கின் நஞ்சோ, பறங்கி நோயின் எச்சமோ எனப் பலவாறு ஐயுற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னி மக்களைப் பெரிதும் வாட்டியதும் அதே பறங்கி நோய்தான் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆயினும் ஐயங்களுள் ஒன்றேனும் நோய் முழுவதையும் விளக்கவில்லை.

பின்னர் அதே மொன்கோமரி, மணி முதலிய இந்திய மருத்துவருடன் சேர்ந்து, தென்னிந்தியாவிலும் இதனையொத்த கால்விறைப்பு நோய் உண்டென 1969ஆம் ஆண்டில் எழுதினார். கடல்கள் பல கடந்த இரு நாடுகளிலே ஒரே வகையான முடக்கம் காணப்பட்டது. ஆனால் காரணம் அங்கும் புலப்படவில்லை.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1980ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே இரத்தப் புற்றுநோய்களை ஆராய்ந்த கலோ குழுவினர், மனிதரைத் தொற்றும் றெற்றோவைரசு ஒன்றைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். எச்.ரி.எல்.வி.-1 என்பது அதன் பெயர். தன் மரபுச் செய்தியை மனிதக் கலத்தின் மரபுப் பொருளுள்ளே எழுதிவிட்டு வாழ்நாள் முழுவதும் தங்குவது அதன் இயல்பு. 1985ஆம் ஆண்டில் மார்த்தினிக் தீவிலே, கால்விறைப்பு நோயாளர் 17 பேரைச் சோதித்தபோது, 10 பேரின் இரத்தத்தில் இவ்வைரசுக்கு எதிரான பொருள்கள் காணப்பட்டன. அடுத்த ஆண்டு யப்பானின் ககோசிமாவிலே ஒசாமே என்பவரும் இவ்வுண்மையைத் தனியே நிறுவினார்.

எனினும், தென்னிந்தியாவில் முன்னர் கண்ட நோயாளர் அனைவருக்கும் இவ்வைரசே காரணம் எனக் கொள்ளலாகாது. ஒரே அடையாளத்தைப் பல காரணங்கள் தரவல்லன. கேசரிப் பருப்பை மிகுதியாக உண்பதாலும் கால்கள் இவ்வாறே விறைப்பதுண்டு. ஆதலாற் சோதனையின்றி நோய்க்குப் பெயரிடுதல் தகாது.

இவ்வைரசு முண்ணாணை எவ்வாறு தாக்குகின்றது? தொற்றுண்ட வெண்கலங்கள் முண்ணாணுள் நுழைகின்றன. அவற்றை அழிக்க உடலின் காவற்படை எழுகின்றது. அப்போரின் அழற்சியிலே நரம்பிழைகள் கெடுகின்றன. பகைவனைத் துரத்தப் புகுந்த படை பயிரை மிதித்து அழிப்பதனை இதற்கு ஒப்பிடலாம்.

இப்படையை அடக்கும் மருந்துகளே கோட்டிக்கோஸ்டீரோயிட்டுகள். 1948ஆம் ஆண்டில் மூட்டுவாத நோயாளிக்குக் கோட்டிசோனை முதலிற் கொடுத்த கெஞ்சும், கெண்டல், றைக்ஸ்ரைன் ஆகியோரும் 1950ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அம்மரபில் வந்த மருந்துகளையே யப்பானிய மருத்துவர் முண்ணாண் நோய்க்கும் கையாண்டனர். 2022ஆம் ஆண்டில் வெளியான சோதனையொன்றில், நோய் விரைந்து முற்றியோருள் ஊசி மூலம் உயர்ந்த அளவு மருந்து பெற்ற நால்வரும், பெறாத நால்வருள் ஒருவரும் முன்னேற்றங் கண்டனர். எண்ணிக்கை சிறிதாகையால் அது உறுதியான முடிவாகவில்லை. ஆயினும் மருந்திற்குப் பயனுண்டு என்றே முழுத் தரவுகளையும் நோக்கிய ஆய்வாளர் கருதினர்.

இம்மருந்து வைரசைக் கொல்வதன்று; அழற்சியைத் தணிப்பது மட்டுமே. ஆகவே நரம்பிழைகள் அழியுமுன் தொடங்குவதே நன்று. நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், நீரிழிவு தோன்றும். மற்றோர் ஆபத்தும் உண்டு. வெறுங்காலின் தோலைத் துளைத்து மண்ணிலிருந்து குடலையடையும் நுண்புழு ஒன்று, இவ்வைரசு உடையோரிடம் எளிதிற் பெருகும். அதனை அறியாது ஸ்டீரோயிட் கொடுப்பின் புழு உடலெங்கும் பரவி உயிரையே மாய்க்கக்கூடும். வயலிலும் மண்ணிலும் உழைப்போர்க்கு மருந்துக்கு முன் புழுச்சோதனை இன்றியமையாதது.

இத்தொற்று நெடுநாட் பாலூட்டலாலும், உடலுறவாலும், இரத்தமேற்றலாலும் பரவுவது. தொற்றுடையோருள் மிகச் சிலருக்கே முண்ணாண் நோய் உண்டாகும். யப்பான் 1986ஆம் ஆண்டிலேயே தானஞ்செய்த இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கியது.

காரணம் தெரியவில்லை என்று 1956ஆம் ஆண்டில் ஒரு மருத்துவர் ஒளியாது எழுதினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் விடை கிடைத்தது. இன்று, நடை தளர்ந்து கால் விறைக்கும் ஒருவனை ஊழ்வினை என்று மூலையில் இருத்தாமற் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே, அவ்வரலாறு அவனுடைய வீட்டாருக்குக் கற்பிக்கும் பாடமாகும்.