மடக்கு செல்பேசியும் நெல் மூட்டையும்: ஒரு விலைக் கணக்கு

காவிரிப் படுகையில் ஒரு பொருளின் விலையை நெல்லால் அளந்து பார்ப்பது பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராச சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு வகுத்திருக்கிறான். பிற்காலத்திலும் அறுவடைக் கூலி நெல், குத்தகை நெல், கோயிலுக்குக் கட்டளை நெல் என்றுதான் கணக்கு ஓடியது. இந்த முறையில் ஒரு வசதி இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் நூறு ரூபாயும் இன்றைய நூறு ரூபாயும் ஒன்றல்ல. ஆனால் அந்தந்த ஆண்டு நெல் விலையை வைத்துப் பார்த்தால், ஒரு பொருளுக்காக ஒரு விவசாயக் குடும்பம் எவ்வளவு விளைச்சலைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது சட்டென்று புரிந்துவிடும்.

மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்கடையூரைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. அமிர்தகடேசுவரர், அபிராமி கோயிலில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பெற்றோருக்குப் பிள்ளைகள் பரிசு கொடுக்கும் நாள் அது. ஒரு காலத்தில் வேட்டி புடவை, தங்கச் சங்கிலி. இப்போது அந்தப் பட்டியலில் செல்பேசியும் சேர்ந்துவிட்டது. அதிலும் புத்தகம் போல மடிகிற செல்பேசி என்றால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். 2025 ஜூலையில் இந்தியாவில் வெளியான சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 ஆரம்ப விலை 1,74,999 ரூபாய். இந்தக் காசுக்கு அது தகுமா? கடைக்காரரையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

ஒரு நிமிடம், நாலரைக் கிலோ நெல்

இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடம் பேச 16.80 ரூபாய் வரை ஆனது. வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு!

1995-96இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 360 ரூபாய். அதாவது கிலோ 3.60. ஒரு நிமிடப் பேச்சுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் நெல் போகும். ஐந்து நிமிடம் நலம் விசாரித்தால் கால் குவிண்டால் கரைந்துவிடும். டெல்டா கிராமத்து மனிதர் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரி கட்டணம் குறையும்வரை வரிசையில் நின்றார் என்றால், அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. அவர் கணக்குத் தெரிந்தவர்.

2003இல் நிலைமை தலைகீழானது. வருகிற அழைப்புகள் இலவசமாயின. அந்த ஜூலையில் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணம் கட்டினால் செல்பேசி என்று அறிவித்தது. 2003-04இல் சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 550 ரூபாய். ஒரு குவிண்டால் நெல்லுக்கும் குறைவாகக் கொடுத்து செல்பேசியைக் கையில் வாங்கிவிடலாம். ஆனால் அது முன்பணம் மட்டுமே. மீதியை மாதாமாதம் கட்ட வேண்டும். ஆசையாக வாங்கிய பலரால் மாதத் தொகையைக் கட்ட முடியவில்லை, நிறுவனத்துக்கும் பாக்கி குவிந்தது. இதை மறந்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

மடிப்பது புதிது அல்ல

மடக்கு செல்பேசி ஏதோ நேற்று வந்த அதிசயம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1996 ஜனவரியில் மோட்டோரோலா வெளியிட்ட ஸ்டார்டேக் சிப்பி போல மூடித் திறக்கும். எடை 88 கிராம்தான். அமெரிக்காவில் விலை சுமார் 1,000 டாலர். டாலர் ஏறத்தாழ 35 ரூபாயாக இருந்த நேரம் அது. நெல்லில் சொன்னால் 97 குவிண்டால்!

2004இல் அதே நிறுவனத்தின் ரேஸர் வி3 வந்தது. மெல்லிய உலோக உடம்பு. அமெரிக்காவில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 499 டாலர். வைத்திருந்தவர்கள் சினிமா நட்சத்திரம் போல நடந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஒப்பந்தத்தோடு 100 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அந்த வரிசையில் மொத்தம் 13 கோடிக்கும் மேல் விற்றது. முதல் நாள் வாங்கியவர் ஐந்து மடங்கு கொடுத்தார். அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைத்தது இரண்டு வருடப் பெருமை மட்டுமே.

பிறகு 2007இல் ஐஃபோன் வந்தது, முழு முகமும் திரையானது, மடக்கு வகை ஒதுங்கிப் போனது. திரை பெரிதாகிக்கொண்டே போக, சட்டைப் பையோ அதே அளவில் இருந்தது. பெரிய பொருளைச் சிறிய பைக்குள் வைப்பது எப்படி என்ற பழைய கேள்வி திரும்பி வந்தது. ஸ்டார்டேக் பதில் சொன்ன கேள்வியும் இதுதான்.

இந்த முறை மடிய வேண்டியது திரையே. கண்ணாடி மடியாது. எனவே முதலில் பிளாஸ்டிக் மேல் உறை கொண்ட திரையைப் பயன்படுத்தினார்கள். 2018 அக்டோபர் இறுதியில் சீனாவின் ரோயோல் நிறுவனம் ஃபிளெக்ஸ்பை என்ற முதல் மடிதிரை செல்பேசியை அறிமுகம் செய்தது. முதலில் வந்தவர் என்ற பெயர் அதைக் காப்பாற்றவில்லை. 2024இல் அந்த நிறுவனமே திவாலானது.

சாம்சங்கின் கேலக்ஸி ஃபோல்டு 2019 ஏப்ரலில் விற்பனைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்பே விமரிசனத்துக்காகக் கொடுத்த சில கருவிகளின் திரை சில நாட்களில் பழுதானது. மேலே ஒட்டியிருந்த மெல்லிய படலத்தைக் கடையில் ஒட்டும் காகிதம் என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். அது திரையின் பகுதி! கீல் பக்கத்து இடைவெளி வழியாகத் தூசியும் உள்ளே போனது. வெளியீடு தள்ளிப்போய், சில திருத்தங்களோடு செப்டம்பரில் வந்தது. இந்தியாவில் அக்டோபரில் வந்தபோது விலை 1,64,999 ரூபாய். 2019-20இல் நெல் ஆதரவு விலை 1,815 ரூபாய். கணக்குப் போட்டால் சுமார் 91 குவிண்டால். ஸ்டார்டேக்கின் 97 குவிண்டாலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு மடக்கு அதிசயங்கள், கிட்டத்தட்ட ஒரே நெல் குவியல்.

விலை எப்படி இறங்கியது?

2020 பிப்ரவரியில் வந்த கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் முடியை விட மெல்லிய கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். 2021இல் மூன்றாம் தலைமுறை ஃபோல்டு தண்ணீரைத் தாங்கியது. 2019இல் 276 கிராம் இருந்த ஃபோல்டு 2025இல் 215 கிராம் ஆனது. மடித்தால் 17 மில்லிமீட்டர் வரை தடித்திருந்தது 8.9 ஆனது. பொருள் மேம்பட்டிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

போட்டியாளர்களும் வந்தார்கள். 2023 ஏப்ரலில் டெக்னோ நிறுவனம் புத்தக வகை செல்பேசியை 88,888 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அப்போதைய ஆதரவு விலையான 2,040 ரூபாய்க்கு அது சுமார் 44 குவிண்டால். அதே ஆண்டு இறுதிக்குள் அதன் குறுக்கே மடியும் சிறிய வகை 49,999 ரூபாய். புதிய ஆதரவு விலை 2,183 என்பதால் 23 குவிண்டால். இரண்டும் ஃபோல்டுக்குச் சமம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 91லிருந்து 23க்கு நாலே ஆண்டுகளில் மடிதிரையின் நுழைவு விலை இறங்கியது. ரேஸரின் கதைதான் மீண்டும் நடக்கிறது.

உச்ச விலை மட்டும் இறங்க மறுக்கிறது. 2025-26இல் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கொடுத்தது. ஃபோல்டு 7க்கு அப்படியும் 70 குவிண்டால் வேண்டும். 60 கிலோ மூட்டையில் 116க்கு மேல். ஏக்கருக்கு 40 மூட்டை கண்டால் மகிழ்கிற ஊரில் அது ஏறத்தாழ மூன்று ஏக்கர் சம்பா விளைச்சல். உழவு, நாற்று, உரம், அறுவடை இயந்திர வாடகை எதையும் கழிக்காத கணக்கு இது!

எப்போது தகும்?

விலை அதிகம் என்பதாலேயே ஒரு பொருள் வீண் ஆகிவிடாது. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கடற்கரைக்குச் செல்பேசி வந்ததைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். அதற்கு முன் ஒரு துறையில் மத்தி மீன் விலை போகாமல் கடலில் கொட்டப்படும், பக்கத்துத் துறையில் மீன் இல்லாமல் வியாபாரி வெறுங்கையோடு திரும்புவார். செல்பேசி வந்தபின் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரை தேர்ந்தெடுத்தார்கள். மீனவர் இலாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அந்தச் செல்பேசி அன்றைக்கு விலை கூடிய பொருள்தான். ஆனால் அது சம்பாதித்துக் கொடுத்தது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த மடிப்பு எதைச் சம்பாதித்துத் தருகிறது என்பது. பயணத்திலேயே வரைபடமும் கணக்கு அட்டவணையும் பார்த்து ஒப்புதல் கொடுக்கிற பொறியாளருக்கோ, தணிக்கையாளருக்கோ எட்டு அங்குலத் திரை உண்மையிலேயே உதவும். படம் பார்க்கவும் வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளையைக் கொஞ்சவும் என்றால், சாதாரண செல்பேசியும் ஒரு பலகைக் கணினியும் சேர்ந்தே பாதி விலைக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, இருக்கிற இடத்தில் அது தாக்குப்பிடிக்குமா என்பது. ஃபோல்டு 7இன் பாதுகாப்புத் தரம் ஐபி48. இதில் எட்டு தண்ணீருக்கு, நான்கு தூசிக்கு. நான்கு என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருளைத்தான் தடுக்கும். களத்துமேட்டில் பதர் உள்ளே போகாது, பதரின் தூசி போகும். தரங்கம்பாடிக் கடற்கரை மணலின் நுண்பொடியும் போகும். 2025 ஆகஸ்டில் அறிவித்த கூகுள் பிக்சல் 10 புரோ ஃபோல்டு தூசியையும் முழுதாகத் தடுக்கும் ஐபி68 தரத்தைத் தொட்டது. ஆனால் அதன் விலையும் 1,72,999. உள் திரை பழுதானால் தெருமுனைக் கடையில் மாற்றிக்கொள்ள முடியாது என்பதும் சேர வேண்டிய செலவு. காலனை எட்டி உதைத்த ஊர் திருக்கடையூர் என்பார்கள். கீலுக்குள் நுழையும் தூசிக்கு அந்தப் புராணம் தெரியாது.

மூன்றாவது, பணம் வருகிற வழி. சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் பணம். நெல் விவசாயிக்குக் குறுவை, சம்பா என்று அறுவடைக்கு அறுவடைதான் பணம். தவணையோ மாதாமாதம் வரும். 1,74,999 ரூபாயை 24 மாதத் தவணையாக்கினால், வட்டியே இல்லை என்றாலும் மாதம் 7,292 ரூபாய். 2003இன் 501 ரூபாய்த் திட்டம் பலருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். கருவி கைக்கு வருவது சுலபம், கையில் காசில்லாத ஐப்பசி மாதத்திலும் தவணை வரும்.

மடக்கு செல்பேசி ஏமாற்று வேலை அல்ல, நல்ல பொறியியல். ஆனால் செல்பேசி வரலாறு முழுக்க முதலில் வாங்கியவர்கள் விலையைக் கொடுத்தார்கள், பொறுத்து வாங்கியவர்கள் பயனை எடுத்துக்கொண்டார்கள். 16.80 ரூபாய் நிமிடம் பைசாக்கணக்கில் வந்தது, 499 டாலர் ரேஸர் 100 டாலருக்குள் வந்தது, மடிதிரை 91 குவிண்டாலிலிருந்து 23க்கு வந்தது. தொழிலுக்குத் தேவைப்படுகிறவர், கையில் இருக்கும் பணத்தில் வாங்கலாம். மற்றவர்கள் இரண்டு மூன்று அறுவடை பொறுக்கலாம். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற பிள்ளைகள், அந்த மூன்று ஏக்கர் விளைச்சலின் விலையை அப்பா அம்மா பெயரில் மருத்துவக் காப்பீடாகப் போட்டுவிட்டு, ஒரு சாதாரண செல்பேசியில் வாரம் ஒரு முறை கூப்பிட்டாலே போதும். வருகிற அழைப்புக்கு இப்போது காசும் இல்லை.