குப்பைக் கீரையும் நம்ம ஊர்ப் பிள்ளைகளும்



"நம்ம ஊரைப் பத்தி ஏதாவது எழுதுப்பா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றியும் சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருப்பார்கள், நான் காட்டுக் கீரையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ வரலாறு இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சங்க இலக்கியத்தில் சிறுபாணாற்றுப்படை என்று ஒரு நூல் உண்டு. இயற்றியவர் நல்லூர் நத்தத்தனார். அதில் ஒரு பாணன் வீட்டு வறுமையைச் சொல்கிறார். பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு சாப்பிடுகிறாள். புறநானூற்றின் 159-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனாரும் தம் வீட்டு வறுமையைக் குப்பைக் கீரையை வைத்தே சொல்கிறார். இரண்டு இடத்திலும் பசிக்குக் கிடைத்தது கீரை. பாணன் வீட்டில் கூடவே வந்தது வெட்கம். நம் ஆட்கள் இன்றைக்கும் "கீரை பொறுக்கித் தின்ன குடும்பம்" என்று ஏளனமாகச் சொல்வதன் வேர் அங்கேயே இருக்கிறது.

அடுத்து 1876–78. நம் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லும் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் (அதாவது ஏறக்குறைய 450 கிராம்) கொஞ்சம் காசும்தான். மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அந்தக் காலத்து ஜனங்கள் காட்டையும் வேலியையும் நம்பித்தான் மீதி வயிற்றை நிரப்பினார்கள். பஞ்சத்தில் மக்கள் தின்ற காட்டுச் செடிகளை ஜான் ஷார்ட் என்ற மருத்துவர் பட்டியலிட்டு, 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் வெளியிட்டார். அவர் எழுதியது காகிதத்தில். ஆனால் எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவை உயிரோடு வைத்திருந்தவர்கள் நம் அப்பாயிகளும் அம்மாயிகளும்தான்.

பஞ்சம் முடிந்த கையோடு 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காட்டுக்குள் விறகு, இலை, கிழங்கு எடுப்பதெல்லாம் அனுமதிக்கு உட்பட்டது. நம் பச்சமலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி மக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2006-இன் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கை. பஞ்சம் நடந்த அதே 1877-வாக்கில்தான் சீமைக் கருவேலம் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று ஏரிக்கரை, புறம்போக்கு எங்கும் அதுதான் நிற்கிறது. காரை, சூரை, இலந்தை என்று பிள்ளைகள் பழம் பறித்த புதர்கள் எத்தனையோ இடங்களில் அதனடியில் காணாமல் போய்விட்டன.

சமவெளியில் இந்த அறிவு எப்படிப் பிள்ளைகளுக்குப் போனது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் இல்லை, களையெடுப்பில். மழை விழுந்ததும் கரிசல் காட்டில் பயிரோடு சேர்ந்து பண்ணைக் கீரையும் தொய்யக் கீரையும் கிளம்பும். பெண்கள் களை பறிக்கும்போதே கீரையைத் தனியாக மடியில் கட்டுவார்கள். கூடப் போன பிள்ளைகள் பார்த்துப் பார்த்துப் பழகின. விளையாட்டும் பாடம்தான். முடக்கத்தான் காயைப் பலூன் மாதிரி நெற்றியில் அடித்து 'டப்'பென்று உடைத்தால், உள்ளே கறுப்பு விதையில் இதய வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதை ஒருதரம் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கொடி சாகிற வரைக்கும் மறக்காது.

இன்று பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பேர்போன மாவட்டம். களை பறிக்க ஆள் கிடைப்பதில்லை, களைக்கொல்லி அடிக்கிறார்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கூலிக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் களையெடுப்பு நின்றபோது அந்த வகுப்பறையும் மூடிவிட்டது. 12 கோடி வருஷத்துக் கல்மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறோம், நல்லது. உயிரோடு இருக்கும் இந்த அறிவுக்கு வேலி யார் போடுவது?

சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகளையும் தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரப்போரம் நடக்கிறேன். கூட ஒரு பாட்டி கட்டாயம் இருப்பார். ஏனென்றால் பொறியியல் பட்டம் கீரை அடையாளம் சொல்லித் தராது! நாங்கள் வைத்திருக்கும் விதிகள் இவை. பாட்டி கையில் வாங்கி "சரி" என்று சொல்லாத எதையும் வாயில் வைக்கக்கூடாது. மருந்து அடித்த வயல், சாக்கடை ஓரம், லாரிப் புழுதி படியும் ரோட்டோரம் வேண்டாம். வேரோடு பிடுங்கக்கூடாது, நுனியைக் கிள்ளு. முதல் பாடம் கீரை அல்ல, விஷம்: ஊமத்தை, அரளி, குன்றிமணி, காட்டாமணக்கு. காட்டாமணக்குக் கொட்டையைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போவது நம் ஊர்களில் புதுசில்லை. தெரியாத பிள்ளைதான் அதைத் தின்கிறது, தெரிந்த பிள்ளை தின்னாது. இந்த அறிவு வெறும் ருசிக்காக அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தூதுவளையை அதன் கொக்கி முள்ளாலும் ஊதாப் பூவாலும் பிள்ளைகள் இப்போது தூரத்திலேயே கண்டுபிடிக்கிறார்கள். பிரண்டையைப் புளி சேர்த்து நன்றாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும் என்று எனக்கே சொல்லித் தருகிறார்கள்.

சங்கப் பாட்டில் வெட்கத்தோடு தின்னப்பட்ட அந்த வேளையின் இனத்தைச் சேர்ந்த நல்வேளை, ஆப்பிரிக்காவின் கென்யாவில் சந்தையில் காசுக்கு விற்கும் கீரை. அங்கேயும் ஒரு காலத்தில் காட்டுக் கீரை ஏழையின் சாப்பாடு என்றுதான் ஒதுக்கினார்கள். ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. 2007 முதல் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பாரம்பரிய உணவுகளைப் பட்டியலிட்டார்கள். 2021-இல் யுனெஸ்கோ அந்த முயற்சியை முன்மாதிரி என்று அங்கீகரித்தது. வெட்கத்தைப் போக்கியது சட்டமோ சலுகையோ அல்ல, பிள்ளைகள் கையிலிருந்த நோட்டுப் புத்தகம்.

நம்மாலும் முடியும் தோழர்களே. இப்போதைய மாணவர்கள் ஆளுக்கொரு பெரியவரிடம் உட்கார்ந்து பத்துச் செடிகளைக் கேட்டு எழுதுங்கள்: ஊர்ப் பெயர், எந்த மாசம் முளைக்கும், எப்படிச் சமைப்பது, எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தாவரவியல் துறையில் காட்டிச் சரிபாருங்கள். நூறு பேர் எழுதினால் நம் இரு மாவட்டத்துக்கும் ஒரு கீரை ஏடு கிடைத்துவிடும். அச்சுச் செலவை முன்னாள் மாணவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஷார்ட் துரை பஞ்சத்தில் பட்டியல் எடுத்தார். வயிறு நிறைந்திருக்கும் காலத்தில், சொல்லித் தர அப்பாயிகள் இருக்கும்போதே நாம் எடுத்துவிடுவோம்.

அன்புடன்,
முன்னாள் மாணவன், இயந்திரப் பொறியியல் பிரிவு