தெருவைத் தோண்டுவோர் கடமை

காரியாபட்டியில் நான் நாள்தோறும் நடந்து செல்லும் தெருவில், ஒரு கோடையில் குழாய் பதிப்பதற்காகப் பள்ளம் தோண்டினார்கள். குழாய் பதிந்தது, மண்ணைத் தள்ளி மூடினார்கள், வேலை முடிந்ததென்று ஆட்களும் சென்றுவிட்டனர். ஐப்பசி மழையில் மூடிய இடம் ஒரு சாண் இறங்கியது. தேங்கிய நீரில் பள்ளம் தெரியாமல், இரவில் குடத்தோடு வந்த மூதாட்டி ஒருவர் விழுந்து கை முறிந்தார். ஊரார் மழையை நொந்துகொண்டனர்.

குற்றம் மழையினுடையதா? இங்கிலாந்தில் 1847-ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கண்டனர். குடிநீர்க் கம்பெனிகளுக்கென அவ்வாண்டு இயற்றப்பெற்ற சட்டம், தெருவைத் தோண்டுமுன் 3 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்றது. வேலியிட்டு, இரவில் விளக்கு வைத்து, தாமதமின்றி மூடவேண்டும் என்றது. அத்துடன் நிற்கவில்லை. மூடியபின் 3 மாதமும், மண் மேலும் இறங்குமாயின் மொத்தம் 12 மாதம் வரையிலும் அவ்விடத்தைச் செப்பனிட்டுக் காக்கும் பொறுப்பையும் தோண்டியவர் மீதே சுமத்தியது.

நம் மாகாணத்து 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும், அனுமதியின்றித் தெருவில் குழி தோண்டலாகாது என்றது. வேலியும் விளக்கும் கேட்டது.

நமது கரிசல் மண்ணோ கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் உப்பும். அடுக்கடுக்காக இட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்காவிடில் அது இறங்கியே தீரும். ஆதலின், நேயர்களே, அனுமதி அளித்தவர் மழை ஓய்ந்த மார்கழியில் ஒருமுறை அத்தெருவில் நடந்து பார்க்கட்டும். அதன்பின் வேலை முடிந்ததென்று எழுதலாம்.