கட்டாய உழைப்பும் ஏற்றுமதி வணிகமும்: திண்டுக்கல் தரும் பாடம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். 2022 ஜூலையில் அதே தொழிற்சாலையின் ஆடைகளைத் துறைமுகங்களில் நிறுத்திவைக்க அமெரிக்கச் சுங்கத்துறை ஆணையிட்டது. ஒரு கிராமத்துப் பெண்ணின் உழைப்பையும் அயல்நாட்டுத் துறைமுகத்தையும் இணைப்பது சந்தை மட்டுமன்று, சட்டமும்தான். அந்த இணைப்பை தலித் தொழிலாளர்களின் பக்கம் நின்று புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

வணிக ஒப்பந்தங்களின் மௌனம்

1974 முதல் 2004 வரை ஆயத்த ஆடை ஏற்றுமதியைப் பல்லிழை ஒப்பந்தமும் அதன் தொடர்ச்சியான ஏற்பாடுகளும் ஒதுக்கீட்டு முறையால் கட்டுப்படுத்தின. 2005 ஜனவரி 1 அன்று அந்த ஒதுக்கீடுகள் முடிவுக்கு வந்தன. எந்த நாட்டிலும் எவ்வளவும் வாங்கலாம் என்றானதும் விலைப்போட்டி கடுமையாயிற்று. அதன் சுமை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் மீதே இறங்கியது.

உலக வணிக அமைப்பின் விதிகளில் தொழிலாளர் உரிமைக்கு ஏறக்குறைய இடமே இல்லை. சிறைத் தொழிலாளர் உற்பத்திக்கு எதிரான விதிவிலக்கு ஒன்று காட் ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவில் உண்டு. 1996 சிங்கப்பூர் மாநாடு தொழிலாளர் தரங்களைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பொறுப்பில் விட்டது.

நம் சட்டங்கள்

அரசமைப்பின் 17, 23ஆம் பிரிவுகள், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை நம்மிடம் உள்ளன. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. 1997இன் விசாகா தீர்ப்போ, உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தைப் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைக் கொண்டு நிரப்பியது.

பணியில் பாகுபாட்டைத் தடுக்கும் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இல் ஏற்றது. அதிலுள்ள 'சமூகப் பின்புலம்' என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும். ஆனால் சங்க உரிமை, கூட்டுப்பேர உரிமை ஆகியவற்றுக்கான 87, 98ஆம் உடன்படிக்கைகளையும், பணியிட வன்முறைக்கு எதிரான 190ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை. சங்கம் இல்லாத ஆலையில் மற்ற சட்டங்களைச் செயற்படுத்தக் கோருவது யார்?

தடையும் ஒப்பந்தமும்

அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம், பிரிவு 307, கட்டாய உழைப்பால் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கிறது. உள்நாட்டுத் தேவைக்குப் போதாத பொருள்களுக்கு இருந்த விலக்கு 2016இல் நீக்கப்பட்ட பின்னரே அது கூர்மை பெற்றது. இப்பிரிவின்கீழ்தான் திண்டுக்கல் ஆலையின் ஆடைகள் நிறுத்தப்பட்டன.

அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்ட் எம் ஆகியவை இதில் உண்டு; கேப், பி.வி.எச். ஆகியவையும் பின்னர் இணைந்தன. பாலினம், சாதி, புலம்பெயர்வு அடிப்படையிலான பாகுபாட்டை ஒழிப்பது இதன் நோக்கம். ஆலைத் தளத்தில் தொழிலாளர்களே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களாகச் செயற்படுகின்றனர். ஆலை விதிகளை மீறினால் வணிக விளைவுகளைச் சுமத்த வாங்கும் நிறுவனங்கள் சட்டப்படி கடமைப்பட்டுள்ளன. சீரமைப்புக்குப் பின் அதே செப்டம்பரில் இறக்குமதித் தடை விலக்கப்பட்டது.

நாம் கோர வேண்டியது

இறக்குமதித் தடை ஆலை முதலாளியை அசைக்கும். ஆனால் கொள்முதல் நின்றால் முதலில் கூலியை இழப்பவர் தொழிலாளியே. ஆகவே தடை மட்டும் நீதியாகாது. தொழிலாளர்களே செயற்படுத்தக்கூடிய ஒப்பந்தம் அதனுடன் சேர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டாய உழைப்புத் தடை ஒழுங்குமுறை 2027 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் நாம் வலியுறுத்த வேண்டியவை மூன்று: 87, 98, 190ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்க வேண்டும்; வணிக ஒப்பந்தங்களின் தொழிலாளர் பகுதிகளில் சாதிப் பாகுபாடு பெயர் சொல்லித் தடை செய்யப்பட வேண்டும்; விசாரணைகளில் சங்கங்களுக்கு இடம் வேண்டும். சாதியைப் பெயரிடாத சட்டம், சாதியால் உழைப்பைச் சுரண்டும் ஆலையைக் காணாமலே கடந்துவிடும்.