கப்பலுக்கு முன்னும் பின்னும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

இந்த மாதம் மட்டும் பழைய மாணவர்கள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். கப்பல் கிளம்பும் அன்று காலையில் திருக்கழுக்குன்றத்திலிருந்து புறப்பட்டால் போதுமா? திரும்பி வரும் அன்றே ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடலாமா?" சுருக்கமான பதில்: போதாது, போடாதீர்கள். ஆனால் ஐந்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தவளுக்குச் சுருக்கமாக விடை எழுத வராது என்பது உங்களுக்கே தெரியும்.

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே பறக்கும் கழுகுகள் பகல் உணவுக்கு நம் மலையில் இறங்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். தெய்வக் கழுகுக்கே வழியில் இறங்கிச் சாப்பிட ஓர் இடம் வேண்டியிருந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்களும் நம் மலைக்கு வந்து போயிருக்கிறார்கள். ஒருகல் மண்டபத்தில் அவர்கள் செதுக்கிவிட்டுப் போன பெயர்களை உங்களில் பலருக்குக் காட்டியிருக்கிறேன். (அதைப் பார்த்து நீங்களும் கல்லில் பெயர் கிறுக்கக் கூடாது என்று சொன்னதும் நினைவிருக்கும்.)

கடல் பயணம் என்றால் எல்லோரும் கப்பலைப் பற்றித்தான் பேசுகிறோம். கப்பலுக்கு முன்னால் வரும் தரைவழி, கப்பலுக்குப் பின்னால் வரும் தரைவழி, இடையில் தங்கும் இரவுகள் ஆகியவற்றை யாரும் பேசுவதில்லை. நம் மக்கள் இலங்கைக்குப் போய் வந்த வரலாற்றைப் படித்தால், பயணத்தின் நல்லது கெட்டது பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் முடிவாகியிருக்கிறது.

முதலில் காபித் தோட்டக் காலம். 19ஆம் நூற்றாண்டில் கண்டி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நம் தென் மாவட்டத்து ஏழைகள் ஆயிரமாயிரமாகப் போனார்கள். தங்கள் ஊரிலிருந்து தொண்டி, அம்மாப்பட்டினம், தேவிபட்டினம், பாம்பன் போன்ற கரைகளுக்கு நடை. அங்கிருந்து பாய்மரத் தோணியில் மன்னார்ப் பக்கம். கடல் என்னவோ குறுகியதுதான். கரை இறங்கிய பிறகுதான் உண்மையான பயணமே தொடங்கும். மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை சுமார் 200 கிலோமீட்டர், பிள்ளை குட்டிகளோடு பல நாள் நடை. வழியில் நல்ல தண்ணீர் இல்லை, தங்க இடம் இல்லை. வாந்திபேதியும் மலேரியாக் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. நடக்க முடியாதவரைப் பாதையோரம் விட்டுவிட்டுக் கூட்டம் முன்னால் போனதும் உண்டு. வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம், தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது கடனாகத் தலையில் நிற்கும்.

கடலைக் கடப்பது எப்படி என்று யோசித்த அளவுக்கு, கடந்த பிறகு அந்த மனிதர் எங்கே தூங்குவார், எதைக் குடிப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை இப்படித்தான் நடந்தது.

இதற்கிடையே 1876இல் ரயில் பாதை தூத்துக்குடியைத் தொட்டது. தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது என்பதால் பெரிய கப்பல் கரைக்கு வராது. சில மைல் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பிறகு ஓர் இரவு கடலில் கழித்தால் கொழும்பு. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் தூத்துக்குடி – கொழும்பு வழிக்குத்தான். தோட்டத்துக்குப் போகிறவர்களையும் இந்த வழிக்கு மாற்றினார்கள். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் அவர்களுக்கென்று ஒரு முகாம் இருந்தது. 1900களின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் கயிறு கோத்து ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் எந்தத் தோட்டம் என்பதற்கான எண் பொறித்திருக்கும். ஊரிலிருந்து தோட்டம் வரை அதுதான் டிக்கெட். வழியில் ஆகும் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். ஒரு பக்கம் பார்த்தால் நல்ல ஏற்பாடு, வழி தவறாமல் போய்ச் சேரலாம். மறுபக்கம் பார்த்தால், பெட்டியில் முகவரிச் சீட்டு ஒட்டுகிற மாதிரி மனிதருக்கு ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த கட்டம்தான் புகழ்பெற்ற போட் மெயில். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுவில் இரண்டு கைகளைப் போல விரியும் அந்தத் தூக்குப் பாலத்தைப் பார்க்காதவர்கள் உங்களில் குறைவு. பாலம் வந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மறுபடி கொழும்புக்கு ரயில். நடுவில் கடல் சுமார் 35 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை செல்லும். ரயில் துறைமுகத்துக்கே வந்து நிற்கும். இறங்கி, சோதனை முடித்து, கப்பல் ஏற வேண்டியதுதான்.

நம் பக்கத்து மக்கள் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போய்ச் செங்கல்பட்டில் ரயில் பிடித்த காலம் அது. என் பாட்டி வீடு செங்கல்பட்டில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கொளவாய் ஏரிக்கரையில் வண்டிச் சத்தம் கேட்டால் "கொழும்பு வண்டி போயிட்டுது, படுங்க" என்பார் பாட்டி. கடலைப் பார்க்காத தெருவில் இருந்த எங்களுக்குக் கொழும்பு என்பது ரயிலில் போகிற ஊராகத்தான் மனதில் பதிந்தது.

போட் மெயிலின் பெருமை அதன் வேகம் அல்ல. முழு வழிக்கும் ஒரே டிக்கெட் என்பதால் ரயிலும் கப்பலும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ரயிலில் வருகிறவரை ஏற்றிக்கொள்ளத்தான் கப்பலே இருக்கிறது. வழியில் தாமதமானால் அது பயணியின் தலைவலி மட்டும் அல்ல, டிக்கெட் கொடுத்தவரின் தலைவலியும்தான்.

ஆனால் இந்த வசதி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. ராமேஸ்வரம் தீவுக்கு இந்தப் பக்கம் மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு பெரிய முகாம் நடத்தியது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்கள் அங்கே இறங்கியே ஆக வேண்டும். நோய் இல்லை என்று உறுதியாகும் வரை சில நாள் அடைபட்டிருக்க வேண்டும். அம்மை குத்துவார்கள், துணிமணிகளை வாங்கி நீராவியில் வேகவைத்துத் திருப்பித் தருவார்கள். அதே ரயிலில் மேல் வகுப்பில் வந்த துரைமாரும் வசதியுள்ளவர்களும் மருத்துவச் சோதனையோடு கப்பலுக்குப் போய்விடுவார்கள். நோய்க்கிருமி வகுப்பு பார்த்து ஏறுவதில்லை, சட்டம் பார்த்தது.

பயணத்தில் இடைத் தங்கல் என்ற ஒன்றுக்கு இரண்டு முகம் உண்டு என்பதை நான் மண்டபத்தைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். நாமாக விரும்பித் தங்கினால் இளைப்பாறுதல். இன்னொருவர் நிறுத்தி வைத்தால் காவல்.

1964ஆம் ஆண்டு இந்தப் பாதைக்கு இரண்டு பெரிய அடிகள் விழுந்தன. அக்டோபர் 30 அன்று சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இரண்டே மாதத்தில், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் அலுவலகம் எல்லாம் இருந்த ஊர் இடிந்த சுவர்களாக நின்றது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். பிற்காலத்தில் மெட்ரோ ரயிலால் புகழ்பெற்ற ஸ்ரீதரன்தான் அதற்குப் பொறுப்பாக இருந்த இளம் பொறியாளர்.

அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. 'ராமானுஜம்' என்று பெயர். மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் அதில்தான் வந்திறங்கின. அவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். 'தாய்நாடு திரும்புகிறவர்' என்று தாளில் எழுதப்பட்டிருந்தாலும், பலர் அன்றுதான் இந்த மண்ணை முதன்முதலாக மிதித்தார்கள். மறுபடி அதே மண்டபம் முகாம். அங்கே பதிவு, அட்டை, பிறகு எந்த ஊருக்கு என்று ஒதுக்கீடு, அந்த ஊருக்கு ரயில் டிக்கெட். சிலர் நீலகிரிக்குப் போனார்கள். அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம், இன்றைய டான்டீ, இவர்களுக்காக வந்ததுதான். வேறு சிலருக்குக் கிடைத்தது அவர்கள் கேள்விப்படாத ஊர், பழகாத தொழில். கையில் இருந்தது ஒருவழி டிக்கெட்.

1984இல் போர்ச் சூழலில் அந்தக் கப்பலும் நின்றுபோனது. மண்டபம் முகாம் மட்டும் நிற்கவில்லை. போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்களுக்கு அதுவே அகதி முகாம் ஆனது. கொழும்பு போகிறவர் தங்கிய இடத்தில், கொழும்பிலிருந்து வந்தவரின் வாரிசுகள் தங்கினார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் படகேறியவர்கள் தங்கினார்கள். போட் மெயில் என்ற பெயரில் எழும்பூர் – ராமேஸ்வரம் ரயில் இன்றும் ஓடுகிறது. பெயரில் போட் இருக்கிறது, பயணத்தின் முடிவில் இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலமும் திறந்தாகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சொகுசுக் கப்பல் போனது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் தொடங்கியது. சில நாளிலேயே மழைக்காலத்துக்காக நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி வந்தது. கப்பல் திரும்ப வந்துவிட்டது, ஒரே டிக்கெட் திரும்ப வரவில்லை. ரயில் டிக்கெட் ஒருவரிடம், கப்பல் டிக்கெட் இன்னொருவரிடம், விடுதி வேறொருவரிடம். நடுவில் உள்ள இடைவெளிக்கு யாரும் பொறுப்பில்லை. அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். ஆகவே,

ஒன்று: முதல் நாள் மாலையே சென்னை போய்விடுங்கள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில் இருக்கிறது, துறைமுகம் எதிரிலேயே. பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் கார் நல்லது. எந்த வாயில் வழியாக உள்ளே விடுவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு: கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்க்காதீர்கள். பயணிகள் பதிவு முடியும் நேரம் அதற்குப் பல மணி முன்னால் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று: பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "வண்டி தாமதமானால் யார் காத்திருப்பார்கள்?" பதில் "யாரும் இல்லை" என்றால், அந்தத் தாமதத்துக்கு நீங்களே ஓர் இரவு ஒதுக்குங்கள்.

நான்கு: திரும்பி வரும் அன்றே நீண்ட தூர ரயில் வேண்டாம். கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். இறங்கிய பிறகும் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை இரண்டும் உண்டு. மறுநாள் டிக்கெட் போடுங்கள்.

ஐந்து: நாகப்பட்டினம் வழியாகப் போனால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். மற்ற மாதங்களிலும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு நாகூர், வேளாங்கண்ணி, சிக்கல் என்று பாருங்கள். கப்பல் தள்ளிப்போனாலும் நாள் வீணாகாது. பாஸ்போர்ட்டும் மருந்தும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் தொந்தரவாக நினைக்காதீர்கள். எங்கே இறங்குவது, எத்தனை நாள் தங்குவது, எப்போது திரும்புவது என்று உட்கார்ந்து திட்டம் போடுவதே ஒரு சுதந்திரம். மாத்தளைக்கு நடந்தவருக்கும், கழுத்தில் தகர வில்லை தொங்கவிட்டவருக்கும், ஒருவழி டிக்கெட்டோடு ராமேஸ்வரத்தில் இறங்கியவருக்கும் அது கிடைக்கவில்லை.

அடுத்த முறை பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போனால், பாம்பன் பாலத்துக்கு முன்னால் ஜன்னலோரம் உட்காரவையுங்கள். 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ரயில் நிலையப் பலகை வரும். "கேம்ப் என்று ஏன் பெயர்?" என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பதில் இப்போது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கொழும்பு வண்டியில் போனவர்களா, ராமானுஜம் கப்பலில் வந்தவர்களா? கேட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருக்கழுக்குன்றம்