ஜாதிபத்திரியாக வந்த பங்காதாயம்

நம் இல்லங்களில் பிரியாணிக்கு இடும் ஜாதிபத்திரி, ஒரு காலத்தில் பங்குதாரர்களுக்குப் பணத்திற்குப் பதிலாக அளக்கப்பட்டது. 1610ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் முதல் பங்காதாயத்தை அவ்வுருவிலேயே வழங்கியது. முதலீட்டில் 75 விழுக்காட்டின் மதிப்புக்கு ஜாதிபத்திரி! எட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அதுதான். எங்களுக்குப் பணமே வேண்டும் என்று அதை ஏற்க மறுத்தவர்களும் உண்டு.

பங்குகளில் சேமிப்பை இட்டுள்ள சகோதர சகோதரிகள், நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ‘பகிரப்படாத இலாபம்’ அல்லது ‘தக்கவைத்த வருவாய்’ என்றொரு வரியைக் கண்டிருப்பீர்கள். அந்த வரியின் வரலாற்றை அறிய இந்தக் கம்பெனியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை.

1595 முதல் கீழைநாடுகளுக்குக் கப்பல் விட்ட டச்சு வணிகர்கள், ஒவ்வொரு பயணத்திற்கும் தனித்தனியே முதல் திரட்டினர். கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, முதலையும் இலாபத்தையும் பிரித்துக்கொண்டு கணக்கை முடித்தனர். முளாரபா ஒப்பந்தத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. போட்ட முதல் மீண்டு, கணக்கு தீர்ந்த பின்னரே இலாபத்தின் இறுதிப் பங்கீடு என்பது அங்கும் விதி. கணக்கு முடிந்துவிடுவதால், பகிராமல் எஞ்சும் இலாபம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

1602இல் அம்முறை மாறியது. ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் முதலுடன் தொடங்கிய கம்பெனிக்கு 21 ஆண்டு உரிமை வழங்கப்பட்டது. பத்தாண்டு முடிவில் பொதுக்கணக்குக் காட்ட வேண்டும். விரும்புவோர் முதலைத் திரும்பப் பெறலாம் என்பது சாசனத்தின் வாக்கு. 1612இல் அந்தக் கெடு வந்தபோது, கணக்குக் காட்டும் கடமையிலிருந்து அரசே கம்பெனியை விடுவித்தது. வெளியேற விரும்பியவருக்கு எஞ்சிய ஒரே வழி, தம் பங்கைச் சந்தையில் மற்றொருவருக்கு விற்பதுதான்.

இதற்கு முன்னரே, 1609இல், ஐசக் லெ மேர் என்ற பெரும் பங்குதாரர் முறையீடு ஒன்றை எழுதியிருந்தார். ஒருவருடைய பணத்தை அவர் விரும்பாத காலம்வரை, விரும்பாத வழியில் பிறர் வைத்திருப்பது கொடுமை என்பது அவர் வாதத்தின் சாரம். கைவசம் இல்லாத பங்குகளை விற்றுக் கம்பெனியின் பங்குவிலையைச் சரிக்க முயன்ற கூட்டத்தின் தலைவரும் இவரே. எனவே முறையிட்டவரின் கையும் தூய்மையானதன்று. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது.

பங்குதாரர்களுக்கு வராத பணம் எங்கே சென்றது? பகிராத இலாபமும் வாங்கிய கடனும் கப்பல்களாயின, கோட்டைகளாயின, படைகளாயின. நம் பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையும் அவற்றுள் ஒன்று. சோழமண்டலக் கரையின் துணிகளை இங்கு வாங்கி, அவற்றைக் கொடுத்துத் தீவுகளில் வாசனைப் பொருள்களைப் பெற்றனர். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அந்நாளில் பண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தன. 1621இல் கம்பெனியின் படை அத்தீவுகளைக் கைப்பற்றியது. பெரும்பாலும் முஸ்லிம்களான அம்மக்களுள் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். தப்பியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் கெய் தீவுகளில் வாழ்கின்றனர். ஆம்ஸ்டர்டாமில் இருந்த சிறு பங்குதாரருக்குத் தம் பணம் இவ்வாறு உருமாறியது கணக்கேட்டின் வழியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஏடே அவருக்குத் திறக்கப்படவில்லை. 1622இல் பங்குதாரர்கள் அச்சிட்ட துண்டறிக்கைகளின் மூலம் கணக்குக் கேட்டுப் போராடினர். மறு ஆண்டு சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, பெரும் பங்குதாரர்களுள் சிலருக்கு மட்டுமே கணக்கைப் பார்க்கும் உரிமை கிடைத்தது.

18ஆம் நூற்றாண்டில் நிலை தலைகீழானது. ஈட்டியதைவிடக் கூடுதலாகப் பங்காதாயம் வழங்கி, குறையைக் கடனால் நிரப்பினர். ஆண்டுதோறும் கை நிறையப் பெற்றவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். 1780இல் இங்கிலாந்துடன் போர் மூண்டபோது தாங்கி நிற்கச் சேமிப்பு இல்லை. மறு ஆண்டு நாகப்பட்டினம் கைவிட்டுப் போயிற்று. 1799ஆம் ஆண்டின் இறுதியில் கம்பெனியே மறைந்தது.

ஆகவே அந்த வரியைப் படிக்கும்போது, பெரிய தொகை நல்லது, சிறிய தொகை கெட்டது என்று கொள்ளலாகாது. அது பெட்டியிலுள்ள ரொக்கமன்று. தொடக்கம் முதல் ஈட்டிய இலாபத்தில் பங்காதாயம் போக எஞ்சியதன் திரட்சி. அதற்கு ஈடானது இயந்திரமாகவோ சரக்காகவோ வரவேண்டிய கடனாகவோ இருக்கக்கூடும். ஐந்தாண்டுகளில் 100 கோடி ரூபாயைத் தக்கவைத்த நிறுவனத்தின் ஆண்டு இலாபம் 2 கோடி மட்டுமே உயர்ந்திருந்தால், அப்பணத்தைப் பங்குதாரரிடமே கொடுத்திருக்கலாமே என்று கேட்க இடமுண்டு.

ஸகாத் கணக்கிடுவோரும் இதைக் கவனிக்க வேண்டும். நெடுங்காலத்திற்கு வைத்திருக்கும் பங்குகளில், நிறுவனத்தின் ரொக்கம், சரக்கு முதலிய ஸகாத்துக்குரிய சொத்துகளில் நம் விகிதத்திற்கே ஸகாத் என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்கருத்தின்படி, பகிரப்படாத இலாபம் என்ற எண்ணை அப்படியே எடுத்து இரண்டரை விழுக்காடு கணக்கிடுவது பொருந்தாது. இருப்புநிலைக் குறிப்பின் மறுபக்கமான சொத்துப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.